காங்கேயத்துக்குள் முதலில் போனவர்

நான் வேலை பார்த்த நூற்பாலையின் கணினிகள் எல்லாம் ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டிக்கொண்டன. எந்தத் திரையைப் போட்டாலும் சிவப்பு எழுத்தில் ஒரு மிரட்டல் மட்டும் வந்து நின்றது. ஐ.டி. பிரிவில் இருந்தது என் மேனேஜரும் நானும்தான். இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுநாள் பெங்களூரிலிருந்து கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் இரண்டு பேர் காரில் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிடச் சின்னவள். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் தினமும் பார்க்கிற அதே பதிவுகளைப் புரட்டி, மத்தியானத்துக்குள் திருடன் எந்த வழியாக வந்தான் என்று சொல்லிவிட்டாள். பஞ்சுக் கிடங்கில் யாரோ எப்போதோ மாட்டிவிட்டு மறந்துபோன ஒரு பழைய கேமரா பெட்டி. அதன் பாஸ்வேர்டை, கடையில் வாங்கி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் நான் தினமும் கேண்டீனுக்குப் போவேன்.

அவளுக்கு டீ வாங்கி வர மேனேஜர் என்னைத்தான் அனுப்பினார். டீயை வைத்துவிட்டு, அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடுவதைப் பார்த்தபடி நின்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நன்றி சொன்னாள். அப்போது எனக்கு வந்ததை வியப்பு என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்ளலாம். பொறாமைதான் அது. எழுந்திரு, அது என் நாற்காலி என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

அந்த மாதமே காந்திபுரத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். பெனட்ரேஷன் டெஸ்டிங் என்று பெயர். ஒரு கம்பெனியின் அனுமதியை வாங்கிக்கொண்டு, அதன் கணினிகளுக்குள் திருடனைப் போலவே நுழைந்து பார்த்து, எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. சனி, ஞாயிறுகளில் வகுப்பு. ஒரு பேக்கரிக்கு மேலே, பஃப்ஸ் வேகும் வாசனை படியேறி வருகிற மாடி. நீளமான மேசைகளில் ஆளுக்கொரு கணினி. மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஒரு சர்வர். அந்த ஒரே சர்வருக்குள்தான், மென்பொருளாலேயே ஆன, வேண்டுமென்றே ஓட்டை வைத்துச் செய்த கணினி இயந்திரங்கள் பல ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை உடைத்து உள்ளே போவதுதான் எங்களுக்குப் பயிற்சி.

சொல்லிக்கொடுத்தவர் கோட்டைமேட்டுப் பெண். அவர்கள் வீட்டில் எல்லாரும் துணி வியாபாரம். இவர் ஒருவர்தான் கணினிப் பக்கம் வந்தவர். என்னைவிட வயதில் குறைந்தவர் என்றாலும் வகுப்பில் எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை அக்கா, அண்ணா என்பார். பயிற்சி இயந்திரங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள் எல்லாம் பஸ் போர்டில் இருக்கிற ஊர்கள். எளிதானது காரமடை. நடுத்தரமானது ஈரோடு. இருப்பதிலேயே முரண்டு பிடிப்பது காங்கேயம். முதல் நாள் அவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார்.

"இந்த ரூமுக்குள்ள எத வேணா உடைங்க. ரூம விட்டு வெளிய போயிட்டா பக்கத்து ஊட்டு வைஃபையக்கூடத் தொடக் கூடாதுங்க."

என் கணவர் இந்தக் கதைக்குள் வந்தது மழையால். எங்கள் வீடு துடியலூரில். முதல் நாள் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தார், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேடம் அவரைக் கீழே நிற்க வேண்டாம் என்று மேலே கூப்பிட்டு, காலியாக இருந்த ஒரு கணினியின் முன் உட்காரச் சொன்னார். அவர் வாகன இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட கார்களை ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய்ப் பார்த்து, சொல்கிறபடிதான் அடி விழுந்திருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பவர். படித்தது மெக்கானிக்கல். வீட்டில் வைஃபை நின்றுபோனால் என்னைத்தான் கூப்பிடுவார்.

அன்று காரமடைக்குள் முதலில் போனது நான். எந்தெந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற கருவியை ஓட்டினேன். பழைய கோப்புப் பரிமாற்ற மென்பொருள் ஒன்று திறந்து கிடந்தது. அதன் ஓட்டை ஊரறிந்தது. நுழைந்தேன். மேடம் என் திரையைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். என் கணவர் பின் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்து, அது எப்படி, இது எப்படி என்று கேட்டார். நானும் பெருமையாகச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவரும் சேர்ந்துகொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, உன்னை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் திரும்ப வருவதற்கு இங்கேயே உட்கார்ந்துவிடலாமே என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உறவில், சிநேகிதத்தில், எந்த வீட்டில் புருஷன் இப்படிப் பெண்டாட்டியோடு சேர்ந்து படிக்க வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் ஈரோட்டுக்கு வந்தோம். ஈரோடு ஒரு இணையதளம். மஞ்சள் மண்டிக்காரர்கள் பயன்படுத்துகிற மாதிரி மேடமே செய்துவைத்தது. அதில் நமக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, அன்றைய மஞ்சள் விலையைப் பார்க்கலாம், வாங்கியதற்கு ரசீது எடுத்துக்கொள்ளலாம். நான் எனக்குத் தெரிந்த கருவிகளை எல்லாம் வரிசையாக ஓட்டினேன். திரை முழுக்க எழுத்துகள் ஓடின. அவற்றைப் படித்துக் குறித்துக்கொண்டே இருந்தேன். என் கணவர் எதையும் ஓட்டவில்லை. மண்டியில் மஞ்சள் வாங்க வந்த ஆளைப் போல ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

திடீரென்று அவர் நாற்காலி கிரீச்சென்றது. பின்னால் சாய்ந்துகொண்டு, ஏனுங்க மேடம், இது சரியானு பாருங்க என்று கூப்பிட்டார். அவருடைய ரசீதைத் திறந்தபோது மேலே முகவரிப் பட்டையில் ரசீது எண் இருந்திருக்கிறது. அதில் ஒன்றைக் குறைத்துப் போட்டிருக்கிறார். வேறொரு வியாபாரியின் ரசீது வந்துவிட்டது. இன்னும் குறைத்துப் போட்டிருக்கிறார். மண்டி நிர்வாகியின் கணக்கு விவரமே வந்துவிட்டது. அங்கிருந்து உள்ளே போவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

மேடம் முகம் மலர்ந்து போனது. எப்படி அண்ணா தோணுச்சு என்று கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

"பில்லு நம்பர் வரிசையா இருந்தா முன்னாடி பில்லு யாருதுன்னு பாத்துப்போடறதுங்க மேடம். என்ற வேலையே அதுதானுங்களே."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கம் பக்கமாகக் குறித்து வைத்த என் காகிதங்களை மடித்துப் பைக்குள் போட்டேன். அந்த ரசீதை நானும்தான் திறந்தேன். அந்த எண் என் கண் முன்னாலும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. என் இயந்திரத்தைப் பார்ப்பதற்குப் பதில் பின்னால் அவர் விசைப்பலகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தட்டுவதை நிறுத்தினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். நாற்காலி கிரீச்சென்றால் உள்ளே போய்விட்டார் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாக நின்றுவிடும். சரியாகப் போய்க்கொண்டிருந்த வழிகூட அப்போது மறந்துபோகும்.

வீட்டில் நான் காலையில் எழுந்து, காபி வைப்பதற்கு முன்பே பாடங்களைப் படிப்பேன். அவர் மாலையில் கிரிக்கெட் பார்ப்பார். சாப்பிடும்போது மட்டும், அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த காரைப் பற்றிப் பேசுகிற அதே குரலில், அந்தப் பல்லடம் மெஷினில் பாஸ்வேர்டை ரெண்டு இடத்தில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள் பார்த்தாயா என்பார். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்பேன். சட்னி போதுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றுவேன்.

அவர் மட்டம் தட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பெருமை அடித்திருந்தால் வெறுத்திருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. என் கிரைண்டருக்கு பெல்ட் மாற்றிக் கொடுக்கிற மாதிரி, பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட் அடிக்கிற மாதிரி, இதையும் செய்துகொண்டிருந்தார். எனக்கு இது வாழ்க்கை மாறுகிற விஷயம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது.

என் அம்மாவிடம் ஒருநாள் போனில், வகுப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா காங்கேயத்தில் இருக்கிறார். நான் படிப்பது அவருக்குப் பெருமைதான். ஆனால் பேச்சுவாக்கில் என் கணவரும் நன்றாகச் செய்கிறார் என்று நான்தான் வாயை விட்டேன். அதன் பிறகு அம்மாவுக்கு நான் காதில் விழவில்லை.

"மாப்பிள்ளைக்கு எதுனாலும் சுளுவா வந்துரும் கண்ணு. நீ அவருகிட்டக் கேட்டுக் கேட்டுப் படிச்சுக்கோ."

பத்து வருடமாகக் கணினியில் வேலை பார்ப்பவள் நான் என்று அம்மாவிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த வாரம் உறவினர் வீட்டுச் சீர் விருந்தில் பார்த்த என் சித்தி, மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கிறாராமே, நீயும் துணைக்குப் போகிறாயாமே என்று கேட்டார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர், இல்லைங்க, நான்தான் அவளுக்குத் துணை என்று திருத்தினார். சித்தி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் கணவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விழுந்தது.

கடைசியில் தேர்வு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் தொடங்கி மாலைக்குள் மூன்று இயந்திரங்கள். பவானி, பல்லடம், காங்கேயம். பவானியும் பல்லடமும் பழகியவற்றையே கொஞ்சம் மாற்றி வைத்தவை. காங்கேயத்தை அதுவரை வகுப்பில் யாரும் முழுதாக உடைத்ததில்லை. தேர்வில் ஒருவர் தொட்டது இன்னொருவருக்குத் தெரியக் கூடாது என்பதால் மேடம் ஆளுக்கொரு நகல் தந்தார். ஒவ்வொரு இயந்திரத்தின் அடி ஆழத்திலும் ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறக்க ரூட் ஆக வேண்டும். ரூட் என்றால் அந்த இயந்திரத்தின் முதலாளி. எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அந்தக் கோப்பில் இருக்கிற வரியை மேடத்துக்கு அனுப்பினால் உடைத்ததாகக் கணக்கு. பிறகு எப்படி உடைத்தோம் என்று ஒரு அறிக்கையும் எழுதித் தர வேண்டும்.

பவானியையும் பல்லடத்தையும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். காங்கேயத்திலும் சாதாரண ஊழியனாக உள்ளே நுழைந்துவிட்டேன். முதலாளி ஆகத்தான் முடியவில்லை. ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. அந்த நேரத்தில் பின்னால் நாற்காலி கிரீச்சென்றது. அவர் மேடத்தைக் கூப்பிடப் போகிறார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. சோம்பல் முறித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் அது கண்ணில் பட்டது. காங்கேயம் தன் கோப்புகளைச் சற்றைக்கொருதரம் தானே நகல் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நகல் எடுக்கிற சிறு நிரலை முதலாளியின் அதிகாரத்தில் இயந்திரமே ஓட்டுகிறது. ஆனால் அதற்குள் எழுத யாருக்கும் தடை இல்லை. நான் அதில் ஒரு வரி சேர்த்தேன். காத்திருந்தேன். இயந்திரம் அடுத்த முறை நகல் எடுத்தபோது என் வரியையும் சேர்த்து ஓட்டியது. நான் முதலாளி.

கடைசிக் கோப்பைத் திறந்தேன். காங்கேயம் மாட்டுக்குப் பேர்போன ஊர், மேடத்தின் குறும்பு அதில் இருந்தது. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சு என்று எழுதி, பக்கத்தில் ஒரு நீண்ட எண். அதை அனுப்பினேன். மேடம் எழுந்து நின்று, காங்கேயத்தை முதலில் முடித்தது அக்காதான் என்று எல்லாருக்கும் சொன்னார். கை தட்டினார்கள். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது எத்தனையோ வாரங்களாக உள்ளே எரிந்துகொண்டிருந்தது அணைந்த மாதிரி இருந்தது. அவர்மேல் பாசம்கூட வந்தது. தோற்றவர்மேல் வருகிற பாசம் அது என்று அப்போதே எனக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவர் தேங்காய் பன்னும் டீயும் வாங்கி வந்தார். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டே, டீயை ஆற்றிக் கொடுத்தார். பிறகு ஏதோ நினைத்துச் சிரித்தார்.

"அந்த மேடத்துக்குக் குசும்பு அதிகம் அம்மணி. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சுன்னு எழுதி வெச்சிருக்குது பாரு."

நான் பன்னைக் கீழே வைத்தேன். அந்த வரியை அவரிடம் நான் சொல்லவில்லை. மேடமும் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கவில்லை. முதலாளி ஆனவர் மட்டும்தான் அதைப் பார்த்திருக்க முடியும்.

"எப்பப் போனீங்க உள்ள?"

அவர் முகம் மாறிவிட்டது. பொய் சொல்லத் தெரியாத மனிதர். தினமும் பொய்யைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருப்பவர், தன் பொய்யை மறைக்கத் தெரியாமல் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சோத்துக்கு முன்னாடியே போயிட்டேன்."

"அப்பறம் ஏனுங்க அனுப்பல?"

"எனக்கு என்னத்துக்கு அம்மணி அது? உனக்குத்தான் வேணும். உன்ற மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என்னை அதைவிடக் கடுமையாக யாரும் எதுவும் சொன்னதில்லை. நான் பட்டினி கிடந்து பிடித்த இடத்தை அவர் சாப்பாட்டுக்கு முன்பே பிடித்துவிட்டு, எனக்காகக் காலி செய்து வைத்திருக்கிறார். திறமையில் ஒருவர் மிஞ்சினால் அது ஒரு பொறாமை. அந்தத் திறமையே வேண்டாம் என்று ஒருவரால் எடுத்து வைத்துவிட முடிகிறது என்றால் அது இன்னொரு பொறாமை. இரண்டாவதுதான் தாங்க முடியவில்லை. எனக்குத் தட்டிய கைகள் எல்லாம் காதுக்குள் திரும்பக் கேட்டன. மீதிப் பன்னை அங்கேயே விட்டுவிட்டு, அவருக்கு முன்பே வண்டியருகே போய் நின்றேன்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைவு. கேட்டதற்குப் பதில் சொன்னேன், சமைத்துப் போட்டேன், அவ்வளவுதான். அவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று தெரியாமலேயே கேட்டார். நானும் விளக்கவில்லை. நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர், அதுதான் நீங்கள் செய்த குற்றம் என்று எப்படிச் சொல்வது?

சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய் மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அண்ணா கொடுக்காததற்கு நான் எப்படி மதிப்பெண் போடுவது என்றார். மதிப்பெண் வேண்டாம், இருவரும் பார்த்திராத ஒரு புது இயந்திரம் வேண்டும், இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, ஒரு வாரம் பொறுங்கள் அக்கா என்றார்.

அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நாங்கள் மூவரும் மட்டும் இருந்தோம். இயந்திரத்துக்குத் தாராபுரம் என்று பெயர் வைத்திருந்தார். என் கணவர் சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். இது என்ன விளையாட்டு, வா வீட்டுக்குப் போகலாம் என்று கண்ணாலேயே சொல்லிப் பார்த்தார்.

"இந்தத் தடவ விட்டுக் குடுத்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுரும். அப்பறம் நானு உங்ககூட வண்டில ஏற மாட்டேன். பஸ்ஸுலயே போயிக்கறேன்."

அவர் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவர் விட்டுக் கொடுக்கவில்லை. நான் முதல் கதவையே தேடிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே இருந்தார். நான் முதல் கதவைத் திறந்தபோது நாற்காலி கிரீச்சென்றது. மேடம் வந்து பார்த்து, சரி என்று தலையசைத்தார். போட்டி அத்தோடு முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றேன். மேடம் உள் அறைக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தார். அப்போதும் நான் அங்கேயே இருந்தேன். என் கணவர் கீழே போய் பஃப்ஸ் வாங்கி வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பஸ்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். என் திரையைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை உதவவில்லை. என்னோடு சேர்ந்து வகுப்புக்கு வந்த நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த பெரிய மரியாதை அதுதான்.

கடைசியில் நானும் உள்ளே போனேன். யாரும் கை தட்டவில்லை. உடம்பெல்லாம் களைத்துப் போயிருந்தது. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்று இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. அது பிடிக்கவில்லை. ஆனால் அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். கவுண்டம்பாளையம் தாண்டிய பிறகு நான்தான், தாராபுரத்தில் முதல் கதவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார். காற்றில் பாதிதான் கேட்டது. திரும்பச் சொல்லச் சொன்னேன்.

பீளமேட்டில் இந்த வேலை செய்கிற சின்ன நிறுவனம் ஒன்று, ஆள் வேண்டும் என்று மேடத்திடம் கேட்டிருந்தது. மேடம் எங்கள் இருவருடைய தேர்வு அறிக்கைகளையும் அனுப்பி, தாராபுரத்தில் நடந்ததையும் சொல்லிவைத்தார். முதலில் கூப்பிட்டது என் கணவரைத்தான். நான் அடுப்படியில் இருந்தேன். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷங்க, ஆனா நாள் முழுக்க ஒரே சேரில் உட்கார என்னால் ஆகாதுங்க, எனக்கு ஊர் சுற்றுகிற வேலைதான் சரி என்று சொல்வது காதில் விழுந்தது. கடைக்காரர் நீட்டுகிற பையை வேண்டாம் என்கிற மாதிரி சொன்னார். வந்த கோபத்தில் வாணலியைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அதற்கடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது ஆளாகத்தான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். நேர்காணலில் அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். என் கணவர் காங்கேயத்தைப் பற்றி எழுதவே இல்லை. பவானிக்கு நான்கு வரி, பல்லடத்துக்கு மூன்று வரி. என்னுடையதில் ஒவ்வொரு ஓட்டையும் எங்கே இருக்கிறது, அதனால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் வரும், நாளைக் காலையில் முதல் வேலையாக எதை அடைக்க வேண்டும் என்று இருந்தது. உடைக்கிற ஆட்கள் கிடைப்பார்கள், உடைத்ததை முதலாளிக்குப் புரிய வைக்கிற ஆள்தான் கிடைப்பதில்லை என்றார் அவர். ஆறுதலுக்குச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டேன். மாதக் கடைசியில் மில் வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன்.

சேர்ந்த புதிதில் என்னை ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று இங்கேயும் எழுத முடியாது. அங்கே உள்ளே போகிற வழியை நான்தான் கண்டுபிடித்தேன். தனியாக, யாருடைய நாற்காலிச் சத்தமும் கேட்காமல். ஒருவரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து அந்த வழி போனது. அது எவ்வளவு அழகான வழி என்று யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்போல இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் சோபாவில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் போச்சு என்றார். உள்ளே போய்விட்டேன் என்றேன். டி.வி. சத்தத்தைக் குறைத்தார். எப்படி என்று கேட்டார்.

"சொல்லக் கூடாதுங்க. எழுதி வாங்கியிருக்காங்க."

சரி சரி என்று மறுபடி டி.வி. பக்கம் திரும்பினார். நான் அடுப்படிக்குப் போய் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கதவோரம் வந்து நின்றார். கம்பெனி பெயர் வேண்டாம், வழியை மட்டும் சொல் என்றார். தலையை ஆட்டினேன். அவர் போய் உட்கார்ந்தார். திரும்ப வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

"பிரிண்டர் வழியாவா?"

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண்கள் சற்றே சுருங்கி, வாய் சிரிப்பது போல இழுத்துக்கொண்டு, சிரிக்காமல் இருந்தது. அந்த முகத்தை உள்ளிருந்து எனக்கு நன்றாகத் தெரியும். பல மாதங்கள் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். அவரிடம் அதைப் பார்த்தது அன்றுதான் முதல் முறை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தலையைக் குனிந்து பீன்ஸை இன்னும் பொடியாக நறுக்கினேன். சட்னிக்குத் தேங்காய் உடைத்துத் தரச் சொன்னேன். அவர் வெளியே போய் உடைத்துக்கொண்டு வந்தார். ஆனால் மூடியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு அம்மணி. வெளிய இருந்தா, உள்ளாற இருந்தா?"